டர்போவுக்கு முன் பிளாக்: மலைநாட்டில் முதல் எஞ்சின் கட்டுகிறவர்களுக்கு

எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் டர்போவை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, "அண்ணா, இதை எந்த எஞ்சினுக்குப் போடலாம்?" என்று கேட்டு வருகிற தம்பிமார் வருஷத்துக்கு நாலைந்து பேர் இருக்கிறார்கள். ஹட்டனிலிருந்து வருகிறார்கள், தலவாக்கலையிலிருந்து வருகிறார்கள், ஒருவர் பசறையிலிருந்து பஸ் ஏறியே வந்தார். எல்லாரிடமும் நான் சொல்வது ஒன்றுதான். டர்போ சரியில்லை என்றால் ஒரு பின்னேரத்தில் கழற்றி மாற்றலாம். சிலிண்டர்கள் இருக்கும் எஞ்சினின் உடலான பிளாக் சரியில்லை என்றால் பிஸ்டன், ரிங், பெயரிங், கேஸ்கட், லேத் கூலி, இரண்டு மாத உழைப்பு எல்லாம் அதோடு போகும். ஆகவே முதலில் பிளாக். அதையும் எஞ்சினின் பெயரை வைத்து அல்ல, கையில் இருக்கிற அந்த ஒரு பிளாக்கை அளந்து பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

முதலாவதாக உங்கள் தேவையைத் தீர்மானியுங்கள். வீட்டிலிருந்து வேலைக்குப் போய்வரும் காரா, வருஷத்தில் ஒருமுறை மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டிக்கு மட்டும் எடுக்கும் காரா? 1934இல் தொடங்கிய அந்தப் போட்டியில் கார் ஓடுவது சிறிது நேரம்தான். தினமும் கினிகத்தேனை ஏற்றத்தில் சுமையோடு இழுக்கும் எஞ்சினுக்கு வெப்பம் ஏறிக்கொண்டே இருக்கும். இரண்டுக்கும் ஒரே பிளாக் சரிவரலாம், ஆனால் ஒரே அளவு பூஸ்ட், அதாவது டர்போ தள்ளும் காற்றின் கூடுதல் அழுத்தம், சரிவராது. ரோட்டுக்கு என்றால் 150 முதல் 200 குதிரைவலு போதும் என்று எழுதி வைத்துக்கொண்டு தொடங்குங்கள். டொயோட்டா ஸ்டார்லட்டில் வந்த 4ஈ-எஃப்டிஈ எஞ்சின் வெறும் 1331 சீசீதான். கம்பனியிலிருந்தே டர்போவோடு 135 குதிரைவலு கொடுத்தது. நம்முடைய வளைவுகளில் அந்தக் காரை ஓட்டிப் பார்த்தவர்களுக்கு அது குறைவாகத் தெரிந்திருக்காது.

மலை செய்யும் கணக்கு

இதைப் புரிந்துகொள்ளாமல் பிளாக் வாங்கப் போகாதீர்கள். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். கடல்மட்டத்தில் காற்றழுத்தம் ஏறக்குறைய 1 பார் என்றால் அங்கே 0.8 பார்தான். டர்போ இல்லாத கார் மேலே போகப் போகச் சோர்வது இதனால்தான். டர்போ அந்தக் குறையை ஈடுசெய்யும், நமக்கு டர்போ பிடிப்பதற்கும் அதுவே காரணம். ஆனால் பூஸ்ட் மீற்றர் காட்டுவது வெளிக்காற்றுக்கு மேலே எவ்வளவு என்பதை மட்டும்தான். நுவரெலியாவில் மீற்றர் 1 பார் காட்டினால் சிலிண்டருக்குள் போகும் மொத்த அழுத்தம் 1.8 பார். அதே கார், அதே மீற்றர், அதே 1 பார், கொழும்பில் 2 பார். பத்து வீதத்துக்கும் மேல் கூடுதல் காற்று.

மலையில் டியூன் பண்ணி, நன்றாக ஓடுகிறது என்று நம்பி, நாவலப்பிட்டி வழியாக இறங்கிக் கொழும்புக்குப் போன காரில் பிஸ்டனின் ரிங் லேண்ட் (ரிங்குகளுக்கு நடுவே உள்ள வரம்பு) உடைந்ததை நான் பார்த்திருக்கிறேன். கீழே வெயில், கூடுதல் காற்று, டாங்கியில் 92 ஒக்டேன் பெற்றோல். பெற்றோல் தாறுமாறாக வெடித்து எஞ்சின் தட்டும் சத்தம் ஏசியும் பாட்டும் ஓடுகிற காருக்குள் கேட்கவே இல்லை.

மறுபக்கம், மேலே தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும். நுவரெலியாவில் திறந்த பாத்திரத்தில் 94 பாகைக்குப் பக்கத்திலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடியின் அழுத்தம் அதை உயர்த்தும் என்றாலும், கீழே கிடைக்கும் அளவுக்கு உயர்த்தாது. ரம்பொடை ஏற்றத்தில் இரண்டாம் கியரில், பஸ்ஸுக்குப் பின்னால், காற்றோட்டமில்லாமல் ஏறும்போது அந்தச் சில பாகை வித்தியாசம் ஹெட் கேஸ்கட்டில் (பிளாக்குக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் தகட்டில்) தெரியும். எனவே பிளாக்கின் பலத்தைக் கொழும்புக்கு ஏற்றபடியும், ரேடியேட்டரையும் விசிறியையும் நுவரெலியாவுக்கு ஏற்றபடியும் பாருங்கள்.

இரும்பா, அலுமினியமா

புதியவருக்கு என் பதில் இரும்பு. காரணம் சொல்கிறேன்.

அலுமினியம் எடை குறைவு, வெப்பத்தை வேகமாகக் கடத்தும். அதோடு அது இரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். ஒருமுறை அளவுக்கு மீறிச் சூடானால் மேல்தளம் வளையும், போல்ட் மரை இழுபடும். பல அலுமினியப் பிளாக்குகளில் சிலிண்டருக்குள் மெல்லிய இரும்பு ஸ்லீவ் இருக்கும். விட்ஸ், அக்ஸியோ, புதிய கொரோலா கார்களில் நாம் பார்க்கும் 1என்ஸெட் அப்படித்தான். அந்த ஸ்லீவ் போர் பண்ணி (உள்ளே குடைந்து) பெரிதாக்கும் எண்ணத்தில் செய்யப்பட்டதல்ல. தேய்ந்தால் பழைய ஸ்லீவை எடுத்துப் புதியது போட வேண்டும். அதைச் சுத்தமாகச் செய்கிற லேத் எல்லா ஊரிலும் இல்லை.

இரும்புப் பிளாக் பாரம்தான். ஆனால் தேய்ந்தால் 0.50 மில்லிமீற்றர் போர் பண்ணி, ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டு, இன்னொரு பிறப்பு எடுக்க வைக்கலாம். அந்த வேலை கண்டியில், பதுளையில், ஹட்டனில் லொறி எஞ்சின்களுக்குத் தினமும் நடக்கிற வேலை. ஊரிலேயே பழுது பார்க்க முடியுமா என்பது முதல் கட்டுமானத்துக்குப் பெரிய தகுதி.

அடுத்தது மேல்தளம். ஹெட்டைக் கழற்றி மேலிருந்து பாருங்கள். சிலிண்டர்களைச் சுற்றித் தண்ணீர் ஓடும் பள்ளம் முழுவதும் திறந்திருந்து, நான்கு சிலிண்டரும் தட்டில் நிறுத்திய டம்ளர் மாதிரி தனியாக நின்றால் அது ஓப்பன் டெக். சில சிறு துவாரங்களைத் தவிர மேல்தளம் மூடியிருந்தால் குளோஸ்ட் டெக். இரண்டுக்கும் நடுவே அங்கங்கே பாலம் விட்டிருந்தால் செமி குளோஸ்ட். பூஸ்ட் கூடும்போது ஓப்பன் டெக் சிலிண்டரின் மேல்முனை நுண்ணிய அளவில் அசையும், அந்த அசைவில் கேஸ்கட் தேயும். ஹொண்டா பீ வரிசை எஞ்சின்கள் ஓப்பன் டெக்தான். அவற்றில் டர்போ போட்டு ஓடுகிறவர்கள் நிறையப் பேர் உண்டு. டியூனிங் தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால் தாராளமாகப் போங்கள். சுபாருவின் ஈஜே20 ஆண்டுக்கும் மாடலுக்கும் ஏற்ப மூன்று வகையிலும் வந்திருக்கிறது. பிளாக் இரண்டு பாதியாகப் பிரியும் அமைப்பு வேறு. அந்த எஞ்சினை எனக்கு மிகவும் பிடிக்கும், ஆனாலும் முதல் எஞ்சினாக யாருக்கும் சொல்லமாட்டேன்.

நம் ஊரில் கையில் கிடைப்பவை

4ஈ-எஃப்டிஈ பற்றி மேலே சொன்னேன். இரும்பு, போர் (சிலிண்டரின் விட்டம்) 74, ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 77.4 மில்லிமீற்றர். இதே குடும்பத்து 5ஈ எஞ்சினுக்கும் போர் 74தான், ஸ்ட்ரோக் 87 என்பதால் 1497 சீசீ. சாதாரண 4ஈ-எஃப்ஈ பிளாக்கில் டர்போவை மட்டும் ஏற்றலாமே என்று கேட்பார்கள். குறைந்த பூஸ்டுக்கு ஏற்றலாம், ஆனால் அதன் கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்றை அமுக்கும் விகிதம், 9.6. டர்போ எஞ்சினுக்கு 8.2 முதல் 8.5. 92 பெற்றோல் மட்டும் கிடைக்கிற தோட்டப்பக்கச் ஷெட்டை நம்பி ஓடுகிறவருக்கு அந்த ஒரு புள்ளி வித்தியாசம் மிகப் பெரியது.

பழைய கொரோலாவில் இருக்கும் 5ஏ, 4ஏ, 7ஏ மூன்றும் இரும்பு. 5ஏயின் போர் 78.7. மற்ற இரண்டுக்கும் 81. 4ஏ-ஜீஈ கிடைத்தால் பிளாக்கின் பக்கவாட்டில் நிற்கும் விலா எலும்பு மாதிரியான வரிகளை எண்ணுங்கள். மூன்று இருந்தால் பழையது, ஏழு இருந்தால் பின்னால் வந்தது. ஏழு வரியில் கனெக்டிங் ரொட்டின் பெரிய முனை 40க்குப் பதிலாக 42 மில்லிமீற்றர், பிஸ்டன் பின் 18க்குப் பதிலாக 20. டர்போ போட நினைப்பவர் ஏழு வரிக்காகக் காத்திருக்கலாம்.

லான்சர் வைத்திருப்பவர்களுக்கு 4ஜீ93 டர்போ அருமையான வழி. 1834 சீசீ, இரும்பு, ஜீஎஸ்ஆர் கார்களில் கம்பனியே டர்போவோடு விட்டது. காசும் இடமும் இருந்தால் 4ஜீ63. போர் 85, ஸ்ட்ரோக் 88, 1997 சீசீ, லான்சர் எவல்யூஷன் முதல் மாடலிலிருந்து ஒன்பதாவது வரை உழைத்த எஞ்சின். பத்தாவது மாடலுக்கு அலுமினிய 4பீ11 வந்தது. 4ஜீ63 வாங்கும்போது ஃப்ளைவீலைப் பிடிக்கும் போல்ட்டுகளை எண்ணுங்கள். பழையதில் ஆறு, பின்னால் வந்ததில் ஏழு. ஏழு போல்ட் எஞ்சின்களில் சிலவற்றில் கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) முன்னும் பின்னும் நடக்கும் நோய் இருந்தது. ஸ்க்ரூ டிரைவரால் கிராங்கை நெம்பி டயல் கேஜில் பாருங்கள். 0.25 மில்லிமீற்றருக்கு மேல் ஆடினால் விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம்.

என் மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். கம்பனியே டர்போவோடு செய்த பிளாக்கையும் அதன் உள்பாகங்களையும் முழுதாக வாங்குவதுதான் புதியவருக்குப் பாதுகாப்பு. சாதாரண எஞ்சினுக்குள் ஃபோர்ஜ்ட் (அடித்து உருவாக்கிய) பிஸ்டன், ரொட் எல்லாம் தேடிப் போட்டுக் கட்டுவது இரண்டாவது எஞ்சினுக்கான வேலை.

வாங்கப் போகும் நாள்

கொழும்பில் கார்ப் பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தைக்குப் போனாலும் சரி, பக்கத்துத் தோட்டத்தில் கார் உடைத்து விற்பவரிடம் போனாலும் சரி, டோர்ச், கம்பித்துண்டு, காந்தம், வெள்ளைத்துணி நான்கும் பையில் இருக்கட்டும்.

எஞ்சின் இன்னும் காரில் ஓடிக்கொண்டிருந்தால் நமக்கு ஒரு வசதி இருக்கிறது, சமதரையில் இருப்பவர்களுக்கு இல்லாதது. காரை ஒரு நீண்ட இறக்கத்தில் எஞ்சின் பிரேக்கிலேயே இறக்குங்கள். பெரகலையிலிருந்து வெல்லவாய பக்கம் இறங்கும் பாதை இதற்கு நல்லது. அடிவாரத்தில் எக்ஸிலேட்டரை மிதித்துக் கண்ணாடியில் பின்னால் பாருங்கள். இறங்கும்போது உறிஞ்சும் வேகத்தில், தேய்ந்த ரிங், வால்வ் சீல் வழியாக எண்ணெய் உள்ளே வந்திருக்கும். நீலப்புகை கொத்தாக வந்தால் வால்வ் சீலுக்கோ ரிங்குக்கோ வேலை இருக்கிறது, ரிங் என்றால் போரிங்கும் தேவைப்படலாம். விலையை அதற்கேற்பப் பேசுங்கள்.

ஹெட் கழற்றிய பிளாக் என்றால் பிஸ்டன் தலையைத் துடைத்துப் பாருங்கள். 0.50 அல்லது 1.00 என்று பொறித்திருந்தால் அது ஏற்கெனவே போர் பண்ணியது. 0.50க்கு இன்னும் இடம் இருக்கிறது. 1.00 என்றால் சுவர் ஒவ்வொரு பக்கமும் அரை மில்லிமீற்றர் போய்விட்டது. டர்போவுக்கு அதை எடுக்காதீர்கள்.

இனித் தண்ணீர். இதில்தான் நான் பட்டேன், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். என் முதல் 4ஏ பிளாக்கைப் பெயின்ட் அடித்துப் பளபளவென்று வைத்திருந்தார்கள். சிலிண்டரும் கண்ணுக்கு நன்றாக இருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்ததும், தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் நெடுங்காலம் பிட்டராக இருந்த என் மாமா, பெயின்டைத் திரும்பியும் பார்க்கவில்லை. பக்கவாட்டில் இருக்கும் வட்டத் தகட்டு மூடியை, வெல்ஷ் பிளக் என்பார்களே அதை, உளியால் ஒரு ஓரம் தட்டிச் சுழற்றி எடுத்தார். உள்ளே கம்பியை விட்டார். நான்காம் சிலிண்டர்ப் பக்கம் கம்பி ஒரு அங்குலம்கூடப் போகவில்லை. இழுத்தபோது செம்மண் சேறு மாதிரித் துருவும் சுண்ணாம்பும் கட்டியாக வந்தது.

"மாப்புள, இது முழுக்கப் பீலித் தண்ணி குடிச்ச எஞ்சின். கூலன்ட் வாசமே இதுக்குத் தெரியாது" என்றார்.

இரண்டு நாள் கம்பியாலும் அமிலத்தாலும் சுத்தம் பண்ணினோம். ஆனால் அந்தச் சிலிண்டர் வருஷக்கணக்கில் சூடாகியே ஓடியிருக்கிறது. அளந்தபோது நீள்வட்டமாகியிருந்தது, மேல்தளத்திலும் அந்த மூலை தாழ்ந்திருந்தது. அந்தப் பிளாக்கில் டர்போ ஏறவேயில்லை. அன்றிலிருந்து வெல்ஷ் பிளக்கைக் கழற்றிப் பார்க்க விடாதவரிடம் நான் பிளாக் வாங்குவதில்லை. புதிய பிளக் விலை சொற்பம், நானே போட்டுத் தருகிறேன் என்று சொல்லிக் கேளுங்கள்.

காசு கொடுப்பதற்கு முன் எஞ்சின் இலக்கத்தைப் பாருங்கள். அரைத்திருந்தாலோ மேலே பொறித்திருந்தாலோ விலகிவிடுங்கள். எஞ்சினை மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவுச் சான்றிதழிலும் அதை மாற்ற வேண்டும். இறக்குமதிப் பற்றுச்சீட்டையும் விற்றவரின் கடிதத்தையும் கேட்டு வாங்கி வையுங்கள்.

லேத்தில்

பிளாக்கைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வராதீர்கள். பக்கத்தில் நில்லுங்கள். நல்ல பாஸ் யாரும் இதைத் தப்பாக எடுக்கமாட்டார்.

முதலில் வெடிப்புப் பார்க்க வேண்டும். காந்த முறையில் பார்க்கும் கருவி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் மாமா சொல்லித் தந்த பழைய முறை இருக்கிறது. சுத்தமான பிளாக்கில் மண்ணெண்ணெய் பூசி, சிறிது நேரம் ஊறவிட்டு, துணியால் ஈரமே இல்லாமல் துடையுங்கள். அதன் மேல் சோக்கைத் தேய்த்து வெண்மையாக்குங்கள். வெடிப்பு இருந்தால் அதற்குள் நுழைந்த எண்ணெய் திரும்ப ஊறி, வெள்ளையில் மயிரிழை மாதிரி ஒரு கறுத்த கோடு தெரியும். ஹெட் போல்ட் துளைகளைச் சுற்றியும், இரண்டு சிலிண்டர்களுக்கு நடுவிலும், அடியில் கிராங்கைப் பிடிக்கும் மெயின் கேப் உட்காரும் இடங்களிலும் பொறுமையாகப் பாருங்கள். மெயின் கேப் இடத்தில் கோடு கண்டால் அந்தப் பிளாக் முடிந்தது. வெல்டிங் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

பிறகு போர் கேஜ். ஒரு சிலிண்டரில் மேல், நடு, கீழ் மூன்று இடத்திலும், கிராங்க் ஓடும் திசையிலும் அதற்குக் குறுக்காகவும் அளக்க வேண்டும். சிலிண்டருக்கு ஆறு, மொத்தம் இருபத்துநான்கு அளவு. ஒரு கொப்பியில் கட்டம் போட்டு எழுதுங்கள். 81 போரில் மேலே குறுக்காக 81.09, கீழே 81.02 என்று வந்தால் பயப்பட ஒன்றுமில்லை. ரிங் திரும்பும் மேல்பகுதிதான் முதலில் தேயும். 0.50 ஓவர்சைஸில் அது போய்விடும். ஆனால் பிஸ்டன் கைக்கு வந்த பிறகே போர் பண்ணச் சொல்லுங்கள். பிஸ்டனை அளந்து, அதன் தயாரிப்பாளர் கேட்கும் இடைவெளிக்கு ஏற்ப ஒவ்வொரு சிலிண்டரையும் ஹோன் பண்ண (கல்லால் தேய்த்து அளவாக்க) வேண்டும். ஹெட் இறுக்கியதுபோல் மேல்தளத்தில் தடித்த தகட்டை முறுக்கி ஹோன் பண்ணும் வசதி உள்ள லேத் என்றால், கண்டி வரை போனாலும் அந்தச் செலவு வீணாகாது.

மேல்தளத்தில் ஸ்ட்ரெயிட் எட்ஜை நீளவாட்டிலும் இரண்டு மூலைவிட்டத்திலும் வைத்து, 0.05 மில்லிமீற்றர் ஃபீலர் நுழைகிறதா என்று பாருங்கள். நுழைந்தால் ஃபேஸ் பண்ண (சீவி மட்டமாக்க) வேண்டும், அதுவும் தேவையான அளவு மட்டும். அதிகம் வெட்டினால் கம்ப்ரெஷன் ஏறும். நமக்கு அது இறங்கித்தான் இருக்க வேண்டும்.

டர்போ இல்லாமல் வந்த பிளாக் என்றால் எண்ணெய்க்கு இப்போதே வழி பண்ணுங்கள். டர்போவுக்குப் போகும் குழாய் மெல்லியதாக இருக்கலாம். அங்கிருந்து திரும்பி வரும் குழாய் அகலமாக, 16 மில்லிமீற்றர் அளவாவது, எங்கும் மேலே வளையாமல், அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டியான சம்ப்பில் எண்ணெய் நிற்கும் மட்டத்துக்கு மேலே வந்து சேர வேண்டும். அந்தக் குழாய் சேரும் துளையை எஞ்சின் பூட்டிய பிறகு போட்டால் இரும்புத் துகள் பெயரிங்குக்குத்தான் போகும்.

ரிங் இடைவெளியைச் சாதாரண எஞ்சின் மாதிரி விட்டுவிடாதீர்கள். டர்போவில் ரிங் கூடுதலாகச் சூடாகி நீளும். முனைகள் ஒன்றோடொன்று முட்டினால் பிஸ்டன் உடையும். போர் 81 என்றால், மேலே இருக்கும் முதல் ரிங்கின் இடைவெளி 0.40 மில்லிமீற்றர் அளவில் தொடங்கும். பிஸ்டன் பெட்டியில் வரும் தாளில் வேறு கணக்கு இருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

லேத்திலிருந்து வந்த பிளாக்கைப் பெற்றோலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவினால் போதாது. ஹோன் பண்ணிய கல்தூள் சுவரின் கீறல்களுக்குள் உட்கார்ந்திருக்கும். சுடுதண்ணீரும் சவர்க்காரமும் தூரிகையும் கொண்டு தேய்த்துக் கழுவி, வெள்ளைத்துணியில் எஞ்சின் எண்ணெய் தோய்த்துச் சிலிண்டரைத் துடையுங்கள். துணியில் சாம்பல் நிறம் வந்தால் மறுபடியும் கழுவுங்கள். துணி வெள்ளையாகவே வந்ததும் நான்கு சிலிண்டருக்கும் எண்ணெய் பூசி, பொலித்தீனால் இறுகச் சுற்றிக் கட்டிவிடுங்கள். ஜூன், ஜூலையில் தலவாக்கலைப் பக்கம் கராஜ் கதவைச் சாத்தினாலும் பனிமூட்டம் உள்ளே வரும். இரவு திறந்து வைத்த சிலிண்டரில் காலையில் செந்நிறத்தில் துரு படிந்திருக்கும்.